இரவல் கட்டில்

அத்தியாயம் ஒன்பது

மோனிஷா வந்த பிறகு பனியன் கம்பெனியில் சரக்கு ஏற்றுகிற அவசரம், இது இரண்டாவது ஷிப்மென்ட்.

முதல் ஷிப்மென்டின்போது அவள் தண்ணீர் குடிக்கக்கூட அனுமதி கேட்டாள். "பெரியம்மா, தண்ணி குடிக்கலாமா?" இப்போதும் கேட்கிறாள். பதில் வரும்வரை டம்ளரைத் தொடுவதில்லை. ஒன்பது வயது. குழந்தைகள் இல்லத்தில் இருந்த மாதங்களில் படிந்த பழக்கம்.

விஜயராணியின் தங்கை பேச்சியம்மாள் போன வருடம் மஞ்சள் காமாலையில் இறந்துபோனாள். சில மாதங்கள் கழித்து அவள் புருஷன், மகள் மோனிஷாவைப் பழைய பஸ் ஸ்டாண்டில் உட்கார வைத்துவிட்டு, டீ குடித்து வருகிறேன் என்று போனான். வரவில்லை. அக்காவும் தங்கையும் பேசாமலே இருந்துவிட்டதால் இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை. மோனிஷா இல்லத்தில் இருக்கும் விஷயம் விஜயராணிக்கு வந்து சேரவே தாமதமாயிற்று. தெரிந்த அன்றே இல்லத்தின் வாசலில் போய் நின்றாள்.

பெரியம்மா என்பதற்காக மட்டும் கையோடு கூட்டி வந்துவிட முடியவில்லை. குழந்தைகள் நலக் குழு விசாரித்தது. இப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள், வீட்டை வந்து பார்த்த பிறகுதான் முடிவு என்றது.

வீட்டைப் பார்க்க வரும் நாள் இந்தச் சனிக்கிழமை. குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் சாரதாமணி முந்தின நாள் போனில் சொல்லியிருந்தார்.

கட்டில் காலையிலேயே வந்துவிட்டது. தேக்குக் கட்டில். தலைமாட்டில் மயில் செதுக்கியிருந்தது. அனுப்பர்பாளையத்தில் அவர்கள் வாடகைக்கு இருந்த லைன் வீடுகளின் சொந்தக்காரி பூவாத்தாள், தன் மகள் யாழினிக்காகச் செய்தது. யாழினி கல்யாணமாகிக் கோயமுத்தூர் போன பிறகு மாடி அறையில் சும்மா கிடந்தது. சாயங்காலம் திருப்பித் தந்துவிட வேண்டும், கீறல் விழக் கூடாது என்ற நிபந்தனைகளோடு பூவாத்தாள் தந்தாள்.

கட்டில் போட்டதும் ஹாலில் நிற்க இடமில்லை. வீடே ஒரு ஹாலும் ஒரு சமையலறையும்தான்.

இது ராஜபாண்டியின் ஏற்பாடு. விஜயராணியின் கணவன், கட்டிங் மாஸ்டர். அவனுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. பனியன் வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆட்கள் கம்பெனியைச் சோதிக்க ஆடிட் வரும்போதெல்லாம், தொழிலாளர்கள் சார்பில் பேச அவனைத்தான் அனுப்புவார்கள்.

ஆடிட் என்றால் முந்தின நாளே கம்பெனி வேறு கம்பெனியாகிவிடும். முதலுதவிப் பெட்டிக்குள் மருந்து வரும். கழிவறைக்குச் சோப்பு வரும். ஓவர்லாக் டெய்லர்கள் எல்லார் மூக்கிலும் மாஸ்க் ஏறும். அன்றைக்கு மட்டும் ஐந்தரைக்கு வேலை முடிந்துவிடும். என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே பாடம் நடக்கும். ராஜபாண்டி ஒரு முறைகூடத் தடுமாறியதில்லை.

வீட்டைப் பார்க்க அதிகாரி வருகிறார் என்றதும் அவனுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாளின் அயர்ன் டேபிள், பூப்போட்ட துணி விரிக்கப்பட்டு, படிக்கிற மேஜையானது. அவள் வீட்டு உலக உருண்டை அதன் மேல் ஏறியது. சுவரில் ஆணி அடித்து ஒரு முதலுதவிப் பெட்டியை மாட்டினான்.

"அவசர வழின்னு ஒரு போர்டுதான் பாக்கி," என்றாள் விஜயராணி.

அவன் சிரிக்கவில்லை. ஒரு நிமிடம் வாசல் நிலையைப் பார்த்து யோசித்தான். அவளுக்குப் பயமாகிவிட்டது.

பிறகு மோனிஷாவை எதிரே நிறுத்திப் பாடத்தைத் தொடங்கினான். யாராவது அடிக்கிறார்களா? இல்லீங்க மேடம். சாப்பாடு? மூணு வேளையும் தர்றாங்க மேடம். படுக்கை? தனிக் கட்டில் இருக்குங்க மேடம். மோனிஷா ஒரு தடவை கேட்டதை மறக்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணைச் சிமிட்டாமல் சொன்னாள். இல்லத்துக்கும் பெரியவர்கள் பார்க்க வருவார்கள், அங்கேயும் இப்படித்தான் நிற்போம் என்று அவளே சொன்னாள்.

ராஜபாண்டிக்குச் சந்தோஷம். "எங்க கம்பெனி லைன்ல இருக்கிற பெரியவுகளுக்கே இது வராது தாயி," என்றான்.

கடைசிக் கேள்வி சாயங்காலத்தைப் பற்றியது.

"பெரியம்மா அஞ்சு மணிக்கே வந்துருவாங்க மேடம்," என்றாள் மோனிஷா.

சட்னிக்குத் தேங்காய் கீறிக்கொண்டிருந்த விஜயராணியின் கை நின்றது.

ஷிப்மென்ட் நேரத்தில் ஒன்றரை ஷிப்ட். அவளும் ராஜபாண்டியும் வீடு வர ஒன்பது ஆகிவிடும். மோனிஷா பள்ளி விட்டு வந்து, கிரில் கதவைத் தானே உள்ளிருந்து பூட்டிக்கொள்வாள். யார் கூப்பிட்டாலும் திறக்கக் கூடாது. உள்ளே ஆள் இருப்பது வெளியே தெரியாமலிருக்க, சமையலறை லைட்டை மட்டும் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து படிப்பாள். டீ குடிக்கப் போன அப்பாவுக்காக ஒரு முறை காத்திருந்த பெண். தினமும் அவளை அப்படி விட்டுவிட்டுத்தான் விஜயராணி ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தாள்.

"அதைச் சொல்ல வேண்டாங்க," என்றாள் கணவனிடம்.

"பிறகு எதைச் சொல்ல? ராத்திரி வரைக்கும் தனியா இருக்கான்னா?"

விஜயராணி தேங்காயைக் கீறி முடித்தாள்.

சாரதாமணி ஸ்கூட்டரில் வந்தார். நாற்பதைத் தாண்டியவர். ஹெல்மெட்டைக் கழற்றியபோது தலைமுடி ஒரு பக்கமாக அமுங்கியிருந்தது. செருப்பை வாசலில் விட்டு உள்ளே வந்து, வேறு இடம் இல்லாததால் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். பின்னாலேயே பூவாத்தாளும் வந்து வாசல்படியில் நின்றுகொண்டாள். கட்டிலைப் பார்க்க வந்திருப்பாள் என்று விஜயராணி நினைத்தாள்.

"பேரு என்ன கண்ணு?"

கேட்டது அவ்வளவுதான். மோனிஷா கையைப் பின்னால் கட்டினாள். பெயர் சொன்னாள். வகுப்பு சொன்னாள். அடிப்பதில்லை என்றாள், மூன்று வேளைச் சாப்பாடு என்றாள், தனிக் கட்டில் என்றாள், ஐந்து மணி என்றாள். எந்தக் கேள்விக்கும் காத்திருக்கவில்லை. முடிவில் மூச்சு வாங்கிக்கொண்டு, "இங்க என்னை யாரும் கட்டாயப்படுத்தலைங்க மேடம். நான் என் சொந்த விருப்பத்துல இருக்கேன்," என்றாள்.

ராஜபாண்டி ஆடிட்டர்களிடம் கடைசியாகச் சொல்லும் வாக்கியம் அது.

மோனிஷா பேசப் பேச அவன் உதடுகளும் கூடவே அசைந்துகொண்டிருந்தன. விஜயராணி அதைப் பார்த்தாள். சாரதாமணியும் பார்த்தார். அவர் எழுதுவதை நிறுத்திப் பேனாவை மூடினார்.

பிறகு சாரதாமணி வேறு குரலில் கேட்டார். உனக்கு ரொம்பப் பிடித்த டிரஸ் எது, எனக்குக் காட்டுகிறாயா என்று.

இதற்குப் பாடம் இல்லை. மோனிஷாவின் கை பின்னாலிருந்து தானாக அவிழ்ந்தது. ஓடிப்போய் பீரோவின் கைப்பிடியைத் திருகி இழுத்தாள்.

டங்கென்று சத்தம் வந்தது. பீரோ கதவு ஒரு சாண் திறந்து, கட்டிலில் முட்டி நின்றது.

மீண்டும் இழுத்தாள். மயிலுக்குப் பக்கத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று விழுந்தது. வாசல்படியில் பூவாத்தாள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மோனிஷா இடுக்குக்குள் கையை விட்டுத் துழாவினாள். எட்டவில்லை. திரும்பி பெரியப்பாவைப் பார்த்தாள். கை மறுபடியும் பின்னால் போனது.

"கதவு தினமும் நல்லா திறக்குங்க மேடம்," என்றாள்.

யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

சாரதாமணி ராஜபாண்டியிடம் திரும்பினார். கோபமாக இல்லை. "கட்டில் இல்லீன்னு நான் எந்தப் புள்ளையையும் திருப்பிக் கூட்டிட்டுப் போனதில்லீங்க. சொல்லிக் குடுத்ததையே சொல்ற புள்ளைங்களைக் கூட்டிட்டுப் போயிருக்கறேன். அந்தப் புள்ளைங்க எதை மறைக்குதுன்னு எங்களுக்குத் தெரியாதுங்க."

ராஜபாண்டி வாயைத் திறந்தான். எந்த ஆடிட்டிலும் நடக்காதது நடந்தது. அவனுக்கு வார்த்தை வரவில்லை.

விஜயராணி சமையலறை வாசலிலிருந்து ஹாலுக்கு வந்தாள்.

"கட்டில் எங்களுது இல்ல மேடம். வீட்டுக்கார அக்காகிட்ட இரவல் வாங்கினது. டேபிளும் அப்படித்தான். நாங்க மூணு பேரும் பாயிலதான் படுக்கோம்."

"விசயா," என்றான் ராஜபாண்டி மெதுவாக.

அவள் நிறுத்தவில்லை. "அஞ்சு மணிக்கு நான் வாரதும் இல்ல. ஷிப்மென்ட்னா ஒன்பது ஆயிரும். அதுவரைக்கும் இவ உள்ள பூட்டிக்கிட்டுத் தனியா இருக்கா. இதைத்தான் மறைச்சோம். வேற ஒண்ணும் இல்ல."

சாரதாமணி பேனாவைத் திறந்தார். தான் இதை எழுதித்தான் ஆக வேண்டும் என்றார். குழந்தை இவ்வளவு நேரம் தனியாக இருக்கிறாள் என்று தெரிந்த பிறகு, அப்படியே விட்டுவிட்டுப் போக முடியாது. மறுபடி இல்லத்தில் சேர்க்கச் சொல்லிக் குழுவிடம் கேட்க வேண்டிவரும்.

மோனிஷா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஓசையில்லாமல் டிவிக்குக் கீழே குனிந்தாள். அங்கே ஒரு துணிப்பை இருந்தது. இல்லத்திலிருந்து வந்த அன்று தோளில் மாட்டி வந்தது. விஜயராணி அது காலியாக இருக்கிறது என்று நினைத்திருந்தாள். காலியாக இல்லை. இரண்டு துணியும் ஒரு சீப்பும் மடித்து வைத்தபடி இருந்தன.

பையை மாட்டிக்கொண்டு மோனிஷா வாசல் பக்கம் வந்து நின்றாள்.

"போலாமா மேடம்?"

தண்ணீர் குடிக்கலாமா என்று கேட்கும் அதே குரல்.

விஜயராணி போய்ப் பையை அவள் தோளிலிருந்து கழற்றினாள். முதலுதவிப் பெட்டி மாட்டியிருந்த ஆணியிலிருந்து பெட்டியை எடுத்துக் கட்டிலில் போட்டுவிட்டு, பையை அங்கே மாட்டினாள். குழந்தைக்கு எட்டாத உயரம்.

"இவ எங்கேயும் போகலை மேடம். நான் என்ன செய்யணும்னு சொல்லுங்க. செய்யுதேன்."

ராஜபாண்டி அவசரமாக, இன்றைக்கும் நாளைக்கும் தானே வீட்டில் இருப்பதாகச் சொன்னான். சாரதாமணி மறுப்பாகத் தலையசைத்தார். இரண்டு நாள் வீட்டில் இருப்பது பதிலாகாது என்றார். பள்ளி விட்டு வரும் நேரத்திலிருந்து, தினமும், பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். அது பெரியம்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. நம்பிக்கையான யாராகவும் இருக்கலாம்.

இப்படி உறவுக் குழந்தையை வளர்ப்பவர்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் தரும் உதவிக்கு ஏன் இன்னும் எழுதிப் போடவில்லை என்றும் கேட்டார். ராஜபாண்டி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். கேட்டால், வளர்க்க வக்கில்லாதவர்கள் என்று நினைத்துப் பிள்ளையைத் திருப்பி வாங்கிவிடுவார்கள் என்று பயந்தானாம்.

"உதவி கேக்கறவங்களை நாங்க பெயில் பண்றதில்லீங்க," என்றார் சாரதாமணி.

கிளம்பும்போது இரண்டு விஷயம் சொன்னார். சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் செய்வேன், திங்கட்கிழமையிலிருந்து குழந்தையோடு யார் இருப்பார்கள் என்று பெயர் சொல்ல வேண்டும். பெயர் இல்லையென்றால் திங்கட்கிழமை காலை வருவது கூட்டிப் போகத்தான். இரண்டாவது, பெயர் இருந்தாலும் புதன்கிழமை குழு முன்னால் வர வேண்டும். அங்கே மோனிஷாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார்கள்.

ஸ்கூட்டர் போன பிறகு ராஜபாண்டி கட்டிலில் உட்கார்ந்தான். பூவாத்தாள் வாசலில் நிற்பதைப் பார்த்து எழுந்துகொண்டான்.

விஜயராணி மத்தியானத்துக்கு மேல் கம்பெனிக்குப் போனாள். மோனிஷாவோடு ராஜபாண்டி இருந்தான்.

கம்பெனியின் தையல் லைனில் ஓவர்லாக் டெய்லர்களில் வேகமானவள் அவள். பனியனின் தோளும் பக்கமும் அவள் மிஷினில் ஓடித்தான் அடுத்த மிஷினுக்குப் போகும். அவள் நின்றால் அவளுக்குப் பின்னால் எல்லாம் நிற்கும். சூப்பர்வைசர் தனபாலுக்கு அது தெரியும். அவளுக்கும் தெரியும்.

ஐந்தரை மணி பெல் அடித்ததும் எல்லாரும் டீக்குப் போனார்கள். அவள் தனபாலிடம் போனாள். இன்றிலிருந்து பகல் ஷிப்ட் மட்டும்தான் வர முடியும் என்றாள்.

தனபால் கெட்டவன் இல்லை. செவ்வாய்க்கிழமை கன்டெய்னர் ஏற வேண்டும், இன்னும் பாதிப் பீஸ் தைக்கவில்லை. "ஏனுங்க விஜயராணி, இந்த நேரத்துல இப்படிச் சொன்னா நான் யாருகிட்டப் போய் நிக்கறது? ஷிப்மென்ட் முடியட்டுங்க. அப்புறம் பேசிக்கலாம்."

ஷிப்மென்ட் முடிந்தால் அடுத்த ஷிப்மென்ட் வரும் என்றாள் அவள். குழந்தை இருக்கிறாள் என்றாள்.

"எல்லாத்துக்கும்தான் புள்ளைங்க இருக்குது."

"அதுங்களைத் திங்கக்கிழமை காலையில யாரும் வந்து கூட்டிட்டுப் போக மாட்டாங்கண்ணே."

தனபால் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு மிஷினைப் பார்த்தான். தன்னால் வாக்குக் கொடுக்க முடியாது, திங்கட்கிழமை வந்து பாருங்கள், அந்த மிஷினில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தால் தன்னைக் குறை சொல்லக் கூடாது என்றான்.

விஜயராணி சரி என்றாள். மிஷின் மேல் உறையைப் போட்டாள். தலையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டு, டிபன் பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். கேட்டில் வாட்ச்மேன், உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

வெளியே வெயில் இருந்தது. வேலை முடிந்து அந்த ரோட்டில் வெயிலோடு அவள் நடந்ததில்லை. இந்த நேரத்தில் பஜ்ஜிக் கடை திறந்திருக்கும் என்பதே இப்போதுதான் தெரிந்தது. நடந்துகொண்டே யோசித்தாள். ஆறு மணிக்கு மேல் நான். அது ஒரு பெயர். பள்ளி விட்டு மோனிஷா வருவது நாலேகாலுக்கு. அதற்கும் ஆறு மணிக்கும் நடுவில் யார்?

பாண்டியம்மாள் ஸ்பின்னிங் மில்லுக்குப் போகிறவள். அவள் ஷிப்ட் வாரத்துக்கு வாரம் மாறும். லைன் வீடுகளில் மற்றவர்கள் எல்லாரும் கம்பெனியில். குடியிருப்பவர்களில் பகல் முழுக்க அந்தக் காம்பவுண்டுக்குள் இருப்பது ஒரே ஓர் ஆள்தான்.

அந்த ஆளிடம் அவர்கள் இரண்டு மாதமாக முகம் கொடுத்துப் பேசியதில்லை. மோனிஷா வந்த வாரம், இரண்டு பேருக்கு என்று சொல்லித்தானே வீடு விட்டேன், தண்ணிக்கு நான் எங்கே போவேன் என்று பூவாத்தாள் கேட்டிருந்தாள். அதற்குப் பிறகு வாடகையை ராஜபாண்டி போனிலேயே அனுப்பிவிடுவான். நேரில் போனது இந்தக் கட்டிலுக்காகத்தான்.

காம்பவுண்டுக்குள் நுழைந்தபோது கட்டில் வெளியே வந்துகொண்டிருந்தது. ராஜபாண்டி ஒரு முனையையும், பூவாத்தாளின் ஷெட்டில் மூட்டை தூக்குகிற பீகார்ப் பையன் மறுமுனையையும் பிடித்திருந்தார்கள். பூவாத்தாளுக்கு முன்பக்கத்தில் ஒரு தகர ஷெட் உண்டு. நாலைந்து பெண்கள் உட்கார்ந்து, தைத்து வந்த பனியன்களில் பிசிறு வெட்டுவார்கள். அவர்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பூவாத்தாள் மயிலுக்குப் பக்கத்தில் விழுந்த கோட்டை எச்சில் தொட்டுத் துடைத்துப் பார்த்தாள்.

ராஜபாண்டி மன்னிப்புக் கேட்டான். பாலிஷ் போட்டுத் தருகிறேன் என்றான்.

"கிடக்குது உடுங்க தம்பி."

விஜயராணி நேராக அவளிடம் போனாள். வழியில் சொல்லிப் பார்த்த வார்த்தைகள் எதுவும் நினைவில் இல்லை. "அக்கா, பள்ளிக்கூடம் விட்டு வந்ததுல இருந்து நான் வார வரைக்கும் மோனிஷாவை உங்க பார்வையில வச்சிருக்கணும். தினமும். ஒண்ணே முக்கால் மணி நேரம் ஆகும். வேற யாரும் எங்களுக்கு இல்ல."

பூவாத்தாள் கட்டிலிலிருந்து கையை எடுக்கவில்லை. விஜயராணியைப் பார்க்காமல் ராஜபாண்டியைப் பார்த்தாள்.

"ஏனுங்க தம்பி, கட்டில் வேணும்னு கேக்க மாடி ஏறி வந்தீங்க. இந்தப் புள்ள ராத்திரி வரைக்கும் இருட்டுக்குள்ள உக்காந்திருக்கறதை ஒரு வார்த்தை சொல்லோணும்னு தோணலீங்களா? நான் மேலதானே இருக்கறேன். டிவி சத்தம்கூட வராது. நீங்க எங்கியோ கூட்டிட்டுப் போயிர்றீங்கன்னு நெனச்சுட்டு இருந்தேன்."

ராஜபாண்டி தன் முனையைக் கீழே இறக்கி வைத்தான்.

"தண்ணிக்குச் சொன்னதை மனசுல வச்சுட்டீங்க," என்றாள் பூவாத்தாள். "இந்த லைனுக்குக் குடி வந்த அத்தனை பேத்துக்கிட்டயும் நான் அதைச் சொல்லியிருக்கறேன்."

விஜயராணியின் டிபன் பையில் போன் அடித்தது.

சாரதாமணிதான். விஜயராணி போனை ஸ்பீக்கரில் போட்டாள். விரல்களில் பஞ்சு ஒட்டியிருந்ததால் திரையை ஒரு முறைக்கு இரண்டு முறை தேய்க்க வேண்டியிருந்தது. சாரதாமணி சுற்றி வளைக்கவில்லை. பெயர் கேட்டார்.

"ஆறு மணியில இருந்து நான் மேடம். பகல் ஷிப்ட் மட்டும்தான் வருவேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

அதற்கு முன்னால் யார் என்று போன் கேட்டது.

விஜயராணி பூவாத்தாளைப் பார்த்தாள். இல்லாத ஒரு பெயரை இந்த நிமிடத்தில் சொல்லிவிடலாம். ராஜபாண்டி சொல்லியிருப்பான். "அதுக்கு இன்னும் பதில் வரலை மேடம். இப்பத்தான் கேட்டிருக்கேன்," என்றாள்.

பூவாத்தாள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள்.

"ஏனுங்க அம்மிணி, காலையில வாசப்படியில நின்னேனுங்களே, அந்த ஊட்டுக்காரி பேசறேன். பூவாத்தாள்னு எழுதிக்கோங்க. ஷெட்டுக்குள்ள புள்ள கால் வெக்காது. கத்திரி கிடக்குற இடம். மேல எங்க ஊட்டுல உக்காந்து படிக்கட்டும். அதுக்குத்தான் ஒரு கட்டிலு சும்மா கிடக்குதே."

சாரதாமணி ஏதோ கேட்டார். ஆமாங்க, ஆமாங்க என்று பூவாத்தாள் இரண்டு முறை சொன்னாள். புதன்கிழமை தானும் வருவதாகச் சொன்னாள். போனைத் திருப்பித் தந்துவிட்டு ராஜபாண்டியிடம் திரும்பினாள்.

"அங்க என்ன சொல்லோணும்னு எனக்குச் சொல்லிக் குடுத்துப்போடாதீங்க தம்பி. பார்த்ததைத்தான் சொல்லுவேன்."

அன்று முதல் முறையாக ராஜபாண்டி சிரித்தான். சிரித்துக்கொண்டே கட்டிலின் தன் முனையைத் தூக்கினான்.

கட்டில் போன பிறகு ஹால் பெரிதாகத் தெரிந்தது.

விஜயராணி உள்ளே வந்தபோது பீரோ முழுதாகத் திறந்திருந்தது. மோனிஷா அதன் முன்னால் தரையில் உட்கார்ந்து, மடியில் ஒரு மஞ்சள் பனியனை விரித்து வைத்திருந்தாள். கட்பீஸ் துணியில் அவள் அம்மா வீட்டில் தைத்தது. ஒரு கை கொஞ்சம் நீளம், மறு கை கொஞ்சம் குட்டை. பேச்சியம்மாளுக்குப் பனியனின் கைத்துணி வெட்டுவதில் எப்போதும் அந்தத் தவறு வரும். விஜயராணி அதைச் சொல்லிக் காட்டியதில்தான் ஒரு சண்டையே தொடங்கியது.

"இதைத்தான் அவங்களுக்குக் காட்டப் போனியா?"

மோனிஷா தலையாட்டினாள். இப்போது அது அவளுக்குச் சேராது. பத்திரமாக மடித்து வைத்தாள்.

விஜயராணி பக்கத்தில் உட்கார்ந்தாள். திங்கட்கிழமையிலிருந்து உள்ளே பூட்டிக்கொள்ள வேண்டாம், மாடியில் உட்கார்ந்து படிக்கலாம், ஆறு மணிக்கு நான் வந்து கூப்பிடுவேன் என்று சொன்னாள். சொல்லும்போதே, மிஷினில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது என்ற யோசனை ஒரு பக்கம் ஓடியது. ஊரில் மிஷினுக்குப் பஞ்சமில்லை. தேடிக்கொள்ளலாம்.

மோனிஷா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எழுந்து நின்றாள்.

"புதன்கிழமை கேட்டா நான் என்ன சொல்லணும் பெரியம்மா?"

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த ராஜபாண்டி அப்படியே நின்றான்.

"நான் ஒண்ணும் சொல்லித் தரப் போறதில்ல. உனக்கு என்ன தோணுதோ அதைச் சொல்லு."

"என்ன தோணினாலுமா?"

"என்ன தோணினாலும்."

"உங்களுக்குப் பிடிக்காதுன்னாலும்?"

அந்தப் பை இன்னும் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. விஜயராணி அதைப் பார்க்காமல், "சொல்லு," என்றாள்.

மோனிஷா கொஞ்ச நேரம் யோசித்தாள். பின்னால் கட்டியிருந்த கைகள் ஒவ்வொன்றாக முன்னால் வந்தன.

"எனக்கு ஒண்ணு சொல்லணும்னு இருக்கு. ரொம்ப நாளா இருக்கு. ஆனா இப்ப உங்ககிட்டச் சொல்ல மாட்டேன். புதன்கிழமை அவங்ககிட்டத்தான் சொல்லுவேன்."

சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

விஜயராணியும் ராஜபாண்டியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சமையலறையில் குடத்துக்குள் டம்ளர் முங்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் குடிக்கலாமா என்ற கேள்வி அன்றைக்கு வரவில்லை.